ஐம்பதுக்குப் பின் இரு சக்கரம்: தொடங்கும் முன் அறிய வேண்டியவை

கணவரின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. அவருக்கு வயது 54. கணவருக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வலக்கையும் வலக்காலும் ஓரளவு தேறியிருந்தன, சிறுநீரகங்கள் தேறவில்லை. வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் கணவர் ஒருவரே. மாத்திரை வாங்கவும், பரிசோதனை முடிவுகளைப் பெறவும், ரேஷன் கடைக்குப் போகவும் அவர் மனைவி இரண்டு பேருந்து மாறிப் பாதி நாளைச் செலவிட வேண்டியிருந்தது.

"டாக்டர், இந்த வயதில் நான் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளலாமா? பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார்.

இவ்வினா எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குப் புதிதன்று. இளமையில் ஆசைப்பட்ட புல்லட்டைப் பணி ஓய்வுக்குப் பின் வாங்க நினைப்பவர் கேட்கிறார். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வங்கிக்கும் சந்தைக்கும் பிறரை எதிர்பார்க்க விரும்பாத தாய் கேட்கிறார். நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் மனைவியும் மருமகளும் கேட்கிறார்கள். சிலருக்கு அது ஆசை. சிலருக்கு வேறு வழியில்லாத தேவை. இருசாராருக்கும் நாங்கள் சொல்லும் விடை ஒன்றே. பிறந்த ஆண்டை மட்டும் வைத்து இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. கண், கழுத்து, கை, கால், இரத்தச் சர்க்கரை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சொல்ல இயலும். அதற்கு, வண்டி ஓட்டும் எண்ணத்தை நோயாளி முதலில் எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய விதத்தில் நாங்களும் நடந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் தவறிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன் 61 வயதான ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னார். வெளியே வரிசை நீண்டிருந்தது. "இந்த வயதில் எதற்கு சார்? வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அவரும் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

நான்கு மாதங்கள் கழித்து அவரை எலும்பு முறிவுப் பிரிவில், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் கண்டோம். நாங்கள் வேண்டாம் என்ற பின்னும் அவர் வண்டியை வாங்கியிருந்தார். அதற்கிடையே இருமுறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. விழுந்த அன்று காலை கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஓட்டிப் பழகிவிடலாம் என்று சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். சிக்னலில் நின்றபோது கை நடுங்கி, உடல் வியர்த்து, கண் இருண்டு, வண்டியோடு சாய்ந்துவிட்டார். வண்டி நின்றிருந்ததால் மணிக்கட்டோடு போயிற்று.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சொன்னால் திட்டுவீர்கள் என்றுதான் சார்" என்றார்.

அவரை வீழ்த்தியது அவருடைய வயதன்று. மாத்திரைக்குப் பின் உண்ணாமல் விட்ட காலை உணவு. முதல் நாளிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி, எப்போது ஓட்டுவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தால் அந்த எலும்பு முறிந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் கேட்டிருக்க வேண்டியவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

வயதும் கற்றலும்

வயது கூடும்போது புதிய உடல்திறன் ஒன்றைக் கற்கும் வேகம் குறைகிறது. கற்கும் ஆற்றல் அற்றுப்போவதில்லை. வண்டி ஓட்டுதல் மனப்பாடம் செய்யும் பாடத்தைப் போன்றதன்று. சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பதித்துக்கொள்ளும் பழக்கம் அது. பயிற்சிக்குப் பின் வரும் ஓய்விலும் உறக்கத்திலும் அப்பதிவு உறுதிப்படுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் ஓட்டிக் களைப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் ஓட்டுவதே நடுவயதினருக்கு ஏற்றது. இருபது வயதில் ஒரு வாரத்தில் வருவது ஐம்பதில் ஆறு வாரம் எடுத்தால், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். இடையில் பல ஆண்டுகள் சைக்கிளைத் தொடாமல் இருந்திருந்தாலும், சமநிலை காக்கும் பழக்கம் உடலில் தங்கியிருக்கும். சில நாள் பயிற்சியில் மீண்டும் தலைகாட்டும். எங்களிடம் கேட்ட அம்மாவும் பள்ளி நாள்களில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியவர். அதைச் சொன்னபோதுதான் அன்று முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போடச் சொல்வதை நாம் ஒரு சடங்கு போல எண்ணுகிறோம். மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அது ஒரு நல்ல உடற்பரிசோதனை. வேகமாகச் செல்லும் வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து நிற்கும். நடக்கும் வேகத்தில் செல்லும் வண்டியை ஓட்டுபவரின் உடல்தான் நிமிர்த்த வேண்டும். எட்டின் வளைவில் கழுத்து திரும்ப வேண்டும்; கண் அடுத்த வளைவை முன்கூட்டிப் பார்க்க வேண்டும்; விரல்கள் பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் அளவாகப் பிடிக்க வேண்டும். கால் ஊன்றாமல் பலமுறை எட்டுப் போட முடிகிற உடல், சாலைக்குப் பெருமளவு ஆயத்தமான உடல். எங்கே தடுமாற்றம் வருகிறது என்று கவனித்து எங்களிடம் சொன்னால், எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கும் புலப்படும்.

படிவம் 1-ஏ வெறும் கையெழுத்தன்று

40 வயதைக் கடந்தவர் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1-ஏ சான்றிதழை இணைக்க வேண்டும். விண்ணப்பதாரர் தாமே தரும் உடல்தகுதி உறுதிமொழியான படிவம் 1-இல் சில வினாக்கள் உள்ளன. வலிப்பு நோயோ திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ உண்டா? பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஒலிப்பான் சத்தம் கேட்கிறதா?

"கையெழுத்து மட்டும் போதும் டாக்டர், அவசரம்" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அவ்வாறு கேட்காதீர்கள். இவ்வினாக்களுக்கு வீட்டிலேயே உண்மையான விடையைத் தேடிப் பாருங்கள். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அவ்வுரிமம் 6 மாதம் செல்லும். ஆகவே அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை.

கண்ணும் கழுத்தும்

வயது கூடும்போது கண்மணி சிறுக்கிறது. விழிவில்லை மஞ்சளித்து மங்குகிறது. பகலில் குறை தெரியாதவருக்கும் மாலை மயங்கியதும் சாலை தெளிவற்றுப் போகலாம். எதிர்வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் பட்டதும் சிதறிப் பரவினால், அது கண்புரையின் தொடக்கமாக இருக்கக்கூடும். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாகப் பறிக்கும். நோயாளிக்கு நெடுநாள் அது தெரியவே தெரியாது. குறுக்குச் சந்திலிருந்து வரும் ஆட்டோவைக் காண உதவுவது அந்தப் பக்கப் பார்வைதான். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. வண்டி கற்கும் முன் அப்பரிசோதனையோடு கண் அழுத்தமும் பார்க்கப்படட்டும்.

கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர் வலப்புறமோ இடப்புறமோ திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்க்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். நாற்காலியில் நேராக அமர்ந்து, இடுப்பை அசைக்காமல், தாடையைத் தோளருகே கொண்டுவந்து பாருங்கள். அப்போது தலை சுற்றினாலோ, கையில் மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினாலோ, வண்டிக்கு முன் எங்களைப் பாருங்கள். கண்ணாடிகள் இரண்டையும் சரியான கோணத்தில் வைத்தால் ஓரளவு உதவும். ஆனால் கண்ணாடியில் தெரியாத ஓர் இடம் எப்போதும் உண்டு.

கையும் காலும்

கைகூப்பி வணங்குங்கள். இரு உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டுகின்றனவா? நெடுநாள் சர்க்கரை நோயில் விரல் மூட்டுகள் விறைத்து, கூப்பிய கைகளுக்கிடையே இடைவெளி விழுவதுண்டு. அத்தகைய கையால் பிரேக்கை முழுதாக இறுகப் பிடிப்பது கடினம். இரவில் கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுகிறீர்களா? மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதால் அவ்வாறு நேரலாம். பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இது மிகுதி. வண்டியின் அதிர்வு இதை மோசமாக்கும். இதற்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் பின் ஓட்டலாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். மோட்டார் சைக்கிளிலோ பின் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குப் பிரேக்கை எவ்வளவு மிதித்தோம் என்பது தெரியாது. நைலான் இழையாலும் இசைக்கவையாலும் நாங்கள் பாதத்தைச் சோதிப்பது இதை அறியத்தான். இத்தகையோருக்குக் கியர் வண்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்கூட்டரானாலும் செருப்புக்குப் பதில், குதிகாலை மூடிய காலணி வேண்டும். சைலன்சர் சூடுபட்டும் உணராமல், இரண்டு நாள் கழித்துக் கொப்புளத்தோடு வந்த பாதங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீடு திரும்பியதும் கணுக்காலையும் உள்ளங்காலையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுவரருகே நின்று, பிடிக்காமல் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு காலே அதன் எடையைத் தாங்குகிறது. முழங்கால் தேய்மானத்தால் கால் திடீரென மடங்குபவர்கள், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் ஆறு வாரமேனும் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சர்க்கரையும் மயக்கமும்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உட்கொள்பவர்களும் தாழ்சர்க்கரையை அறிந்திருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அது தாழ்சர்க்கரை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். இன்னும் குறைந்தால் தெளிவாகச் சிந்திக்கும் திறன் மங்கும். வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்ற எண்ணமே வராமல் போவதுதான் இதன் ஆபத்து. இதயத்துக்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ சிலர் உட்கொள்ளும் மெட்டோபுரோலால், புரோபுரனோலால் போன்ற மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே எஞ்சும்.

இம்மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது. வெறும் வயிற்றில் வண்டியைத் தொடாதீர்கள். கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90க்குக் கீழ் இருந்தால் சிற்றுண்டி எடுத்துக்கொண்டு, ஏறியதை உறுதி செய்த பின் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வழியில் ஐயம் தோன்றினால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்கு இணையானதை உட்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு சரியானாலும் மூளை தெளிய மேலும் நேரம் ஆகும். முக்கால் மணி நேரமேனும் காத்திருங்கள்.

படுக்கையிலிருந்து எழும்போது தலை கிறுகிறுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால், மருந்தின் அளவையோ நேரத்தையோ நாங்கள் மாற்ற வேண்டியிருக்கலாம். வலிப்பு நோய் உள்ளவரும், காரணம் தெரியாத மயக்கம் வந்தவரும் இரு சக்கர வாகனத்தைத் தொடங்கக் கூடாது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் தமக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் தெளிவான அனுமதிக்குப் பிறகே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்துப் பையைக் கொண்டுவாருங்கள்

நரம்பு வலிக்கு நாங்களே எழுதித் தரும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தூக்கத்தை வரவழைக்கும். சளி, தும்மலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் சில இருமல் மருந்துகளும் அவ்வாறே. இரவில் போடும் குளோனசெபாம் போன்ற மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் தொடரலாம். புதிய மருந்து தொடங்கிய முதல் வாரமும், அளவைக் கூட்டிய வாரமும் வண்டி ஓட்டாமல் இருப்பதே நல்லது. வண்டி ஓட்டுவதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் முதலியவற்றை உட்கொள்பவருக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. பிறருக்கு வீக்கத்தோடு தீரும் தலைக்காயம் இவர்களுக்கு மூளையில் இரத்தக்கசிவாக மாறக்கூடும். அதுவும் சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். தலை மோதினால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள், எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும் வண்டியிலிருந்து சாய்ந்தாலே மணிக்கட்டும் இடுப்பெலும்பும் முறிவது எலும்புப்புரை உள்ளவர்களுக்கு நேர்வதுண்டு.

வண்டியும் தலைக்கவசமும்

பரவலாக ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 110 கிலோ எடையுள்ளவை. 350 சிசி புல்லட்டின் எடை ஏறத்தாழ 190 கிலோ. ஓடும்போது இவ்வேறுபாடு தெரியாது. சரிவில் பின்னுக்குத் தள்ளும்போதும் சென்டர் ஸ்டாண்டு போடும்போதும் முதுகுக்குத் தெரியும். இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கடையில் நிறத்தைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஒரு கால் மிகவும் தளர்ந்தவர்களுக்குப் பக்கச் சக்கரங்கள் இணைத்த ஸ்கூட்டர் உண்டு. அதை ஏற்பதைச் சிலர் இழிவாக எண்ணுகிறார்கள். மூக்குக்கண்ணாடி அணிவதில் இல்லாத இழிவு இதிலும் இல்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். எதிர்வினையில் அரை விநாடி தாமதித்தால், பிரேக்கைத் தொடும் முன்னரே ஐந்தரை மீட்டர் கடந்திருப்போம். வயதின் தாமதத்தைக் குறைக்க முடியாது. வேகத்தைக் குறைத்து ஈடுசெய்ய முடியும். முன் வண்டிக்கும் நமக்கும் இடையில் இளைஞர்கள் விடுவதைவிட இருமடங்கு இடைவெளி விடுங்கள். யாரேனும் அந்த இடைவெளியில் புகுந்தால் புகட்டும்.

தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கண்ட முடிவு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும், தாடைப் பட்டையை மாட்டிய பின் கழற்ற முடியாததாகவும் இருக்க வேண்டும். பின்னால் அமர்பவருக்கும் இது பொருந்தும்.

நோயாளியைப் பின்னால் அமர்த்தலாமா?

இதைக் குடும்பத்தினர் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். வண்டி கற்பதன் நோக்கமே நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். முதலில், பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் பயிற்சி தருபவரைத் தவிர வேறு எவரையும் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஏற்றிச் செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. உரிமம் வந்த பின்னும் சில மாதங்கள் தனியே ஓட்டிப் பழகுங்கள். பின்னால் ஒருவர் அமர்ந்ததும் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

பிறகு நோயாளியைப் பாருங்கள். முதுகுச் சாய்மானம் இல்லாத முக்காலியில் அவரால் பத்து நிமிடம் நேராக அமர முடிகிறதா? இரு கைகளாலும் இறுகப் பிடிக்க முடிகிறதா? "சாயாதீர்கள்" என்றால் உடனே புரிந்துகொண்டு நிமிர்கிறாரா? வழியில் கண்ணயராமல் இருப்பாரா? ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் அவரை இரு சக்கர வாகனத்தில் ஏற்றாதீர்கள். பக்கவாதத்தில் தளர்ந்த பக்கமாக உடல் தன்னையறியாமல் சாயும். அதைத் தடுக்க நோயாளியைத் துண்டால் தம் இடுப்போடு கட்டிக்கொண்டு வருபவர்களைக் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வது, ஆயினும் ஒருவர் சரிந்தால் இருவரும் விழ அது வழிசெய்யும்.

டயாலிசிஸ் முடிந்த வேளை இன்னும் கவனத்துக்குரியது. அப்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். சிகிச்சையின்போது தரும் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்தின் தாக்கம் சிறிது நேரம் நீடிக்கும். ஊசி குத்திய கையில் மீண்டும் இரத்தம் கசியலாம். அந்நாள்களில் ஆட்டோவே உகந்தது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்கு எந்நாளும் வண்டியை எடுக்காதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பெண்கள் பின்னால் அமரும்போது சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பும், பிடிகம்பியும், கால் வைக்கும் இடமும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக அவற்றைக் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது

வண்டி கற்கும் எண்ணம் இருந்தால், அடுத்த முறை வரும்போது அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடைசியில் எழுந்து நின்றுகொண்டு சொல்ல வேண்டாம். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடைசிக் கண் பரிசோதனைச் சீட்டையும், சர்க்கரை அளவுகளைக் குறித்த ஏட்டையும் கொண்டுவாருங்கள். தற்போது ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், கடந்த ஆறு மாதத்தில் வண்டி எத்தனை முறை சாய்ந்தது, எங்கே உரசியது என்பதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். சிலருக்கு ஓட்டலாம் என்போம். சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் பார்க்கலாம் என்போம். சிலருக்கு வேண்டாம் என்போம். வேண்டாம் என்றால் ஏன் என்பதையும் சொல்வோம். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

அந்த 54 வயது அம்மாவுக்குக் கண்ணில் கண்புரையின் தொடக்கம் இருந்தது. பகலில் மட்டும் ஓட்டச் சொன்னோம். மூன்று மாதம் முழங்கால் பயிற்சி செய்தார். எட்டுப் போடும் தேர்வில் இருமுறை காலை ஊன்றிவிட்டு, மூன்றாம் முறை தேறினார். கணவர் இப்போதும் டயாலிசிஸுக்கு ஆட்டோவில்தான் வருகிறார். மாத்திரை வாங்கவும் பரிசோதனை முடிவுகளைப் பெறவும் மனைவி தனியே வருகிறார். சென்ற வாரம் அவ்வாறு வந்தபோது தலைக்கவசத்தை எங்கள் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "பத்தரைக்குள் வீட்டுக்குப் போய்விடுவேன் டாக்டர், அவருக்கு வேளைக்குக் கஞ்சி கொடுக்கலாம்" என்றார்.

மணிக்கட்டு முறிந்தவரும் வண்டியை விற்கவில்லை. இப்போது காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சர்க்கரையைச் சோதித்த பிறகே கிளம்புகிறார். எங்களிடம் வரும்போது, கடைசியாக எங்கெல்லாம் போனேன் என்பதை நாங்கள் கேட்கும் முன் அவரே சொல்லிவிடுகிறார்.